படிக்காசும் பசிப்பிணியும்

(திருக்குடமுழுக்குப் பெருவிழாவை முன்னிட்டு நிகழ்ந்த தொடர்பொழிவில் ஒன்று)

திருச்சிற்றம்பலம்



விமானத்தின் உச்சியில் நிறுவப்பெறும் கலசங்களைக் கண்டு கைகுவித்து வணங்குவோர் பலர். அக்கலசங்களின் அகத்தே இடப்பெறுவது யாது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. பொன் பூசிய செப்புக் கலசத்துள் வரகு முதலிய தானியங்களை நிரப்புதல் தொன்றுதொட்ட மரபு. செல்வர் அளித்த பொன் புறத்தே பூச்சாக நிற்கின்றது. உழவர் விளைத்த தானியம் அகத்தே பொருளாக அமைகின்றது. திருக்கோயிலின் மிக உயர்ந்த இடம் மணிக்கும் முத்துக்கும் அன்று, உணவுக்கே வழங்கப்பெற்றுள்ளது. உணவுக்கு இத்துணை ஏற்றம் தந்த சமயம், உணவின்றி உயிர்கள் வாடுதலை எங்ஙனம் நோக்கும்? அவ்வாட்டத்திற்குக் காரணம் யாது எனக் கூறும்? இவையே இப்பொழிவின் பொருள்.

ஐக்கிய நாடுகள் அவையைச் சார்ந்த அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி, 2024-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியால் வருந்தினர். பன்னிருவருள் ஒருவர் என்பது அதன் பொருள். இதனைக் கேட்டவுடன், நிலம் போதவில்லை போலும், மழை பொய்த்தது போலும், மக்கட்டொகை மிகுந்துவிட்டது போலும் என எண்ணுதல் இயல்பு. இங்கிலாந்து நாட்டு மால்தஸ் என்பார் 1798-இல் வெளியிட்ட நூலும் அவ்வெண்ணத்தையே வலியுறுத்திற்று. ஆயின் இந்நாளைய கணக்கு வேறொன்று கூறுகின்றது.

அரிசி, கோதுமை, மக்காச்சோளம் முதலிய தானியங்களை உலகம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 280 கோடி டன் அளவு விளைக்கின்றது. மக்களோ 800 கோடியர். பங்கிட்டு நோக்கின், ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவிற்குச் சற்றே குறைவாகத் தானியம் உண்டு. காயும் கனியும் பயறும் பாலும் இக்கணக்கிற் சேரா. இவ்விளைவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கால்நடைகட்குத் தீவனமாகின்றது. இனி, 2022-ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வீடுகளிலும் வீணே எறியப்பட்ட உணவு 105 கோடி டன் என மதிப்பிட்டுள்ளனர். அதிற் பாதிக்கு மேற்பட்டது வீடுகளில் எறியப்பட்டதே. உணவும் உண்டு, உண்ணும் வாயும் உண்டு, இரண்டும் கூடவில்லை. இடையே நிற்கும் தடை யாது?

இவ்வினாவிற்கு விடை காணப் புதிய நூல்களை நாடுமுன், சைவர்கள் நாள்தோறும் போற்றும் பெரியபுராணத்தை நோக்குதல் வேண்டும். அங்கே ஒரு பஞ்சம் பேசப்படுகின்றது.

சோழவளநாட்டிலே, இற்றைத் திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது திருவீழிமிழலை. ஆளுடைய பிள்ளையாராகிய திருஞானசம்பந்தரும் ஆளுடைய அரசராகிய திருநாவுக்கரசரும் அடியார் திருக்கூட்டத்தோடு அத்தலத்தில் எழுந்தருளியிருந்த காலத்து, மழை பொய்த்தது; ஆற்றுநீர் குன்றியது; நாடெங்கும் வற்கடம் பரந்தது. அடியார்கள் பசியால் வாடுதல் கண்டு இருவரும் உளம் கவன்றனர். வீழிமிழலைப் பெருமான் அவர்கள் கனவில் தோன்றி, பஞ்சம் நீங்குங்காறும் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு அளிப்பதாக அருளினான். அவ்வாறே கீழ்ப்பாலும் மேற்பாலும் உள்ள பீடங்களிற் காசு கிடைத்தது. படியாக நாள்தோறும் கிடைத்தமையின் அதற்குப் படிக்காசு என்று பெயராயிற்று. அக்காசு கொண்டு பண்டம் வாங்கி, இருவர் திருமடத்தும் அமுது சமைத்து, வந்தவர் அனைவரையும் உண்பித்தனர்.

இவ்வரலாற்றைப் பன்முறை கேட்டிருக்கும் அன்பர்கள் ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். எல்லாம் வல்ல இறைவன், பஞ்சம் வந்த ஊரில், நெல்லை மலைபோற் குவித்திருக்கலாம். குண்டையூர்க் கிழாரை முன்னிட்டுச் சுந்தரமூர்த்தி நாயனார்க்கு நெல்மலையே அளித்தவன் அன்றோ அவன்? வீழிமிழலையிலோ அவன் நெல் அளிக்கவில்லை, காசு அளித்தான். காசு நெல்லாக வேண்டுமாயின், நெல் அங்காடியில் இருத்தல் வேண்டும். பஞ்சத்திடையேயும் நெல் விலைக்குக் கிடைத்தது என்பது இதனாற் பெறப்படும். காசுடையார்க்கு அங்காடி திறந்தே இருந்தது. காசில்லார்க்கே அது மூடியிருந்தது. பஞ்சத்தின் மெய்யான வடிவத்தைச் சேக்கிழார் பெருமான் ஒரு காசினிடத்தே காட்டிவிடுகின்றார்.

வரலாறு இம்மட்டோடு நிற்கவில்லை. அரசர் திருமடத்தில் அடியார்கள் உரிய பொழுதில் உண்டனர். பிள்ளையார் திருமடத்திலோ பொழுது தாழ்த்தது. காரணம் யாதெனப் பிள்ளையார் வினவியபோது, அவர் பெற்ற காசினை வணிகர் வாசி கேட்டே ஏற்கின்றனர் என்றும், அரசர் பெற்ற காசினை வாசியின்றி ஏற்கின்றனர் என்றும் அமுது சமைப்போர் கூறினர். வாசியாவது, காசின் மாற்றுக் குறைவு கருதிக் கழித்துக்கொள்ளும் வட்டம். அரசர் உழவாரப் படையேந்திக் கைத்தொண்டு செய்பவர். ஆதலின் அவர் காசு குற்றமற்றதாயிற்று எனப் பிள்ளையார் தெளிந்தார். பின்னர்ப் பெருமானைப் பாடித் தாமும் வாசியில்லாக் காசு பெற்றார். இதனால் அறியப்படுவது என்னை? இறைவன் கணக்கில் கையால் உழைத்தவன் காசுக்குக் கழிவு இல்லை. அது முழு மதிப்புப் பெறும்.

இனி உலகத்தார் கணக்கினைக் காண்போர்க்கு அது தலைகீழாய்த் தோன்றும். உலகத்து அங்காடியில், பஞ்சம் வருங்கால், முதன்முதல் வாசி பிடிக்கப்படுவது கையால் உழைப்பவன் காசுக்கே ஆகும். அதற்குப் பெருஞ்சான்று 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தில் நிகழ்ந்த பஞ்சம். அதனைச் சற்று விரித்துக் கூறுதல் இன்றியமையாதது.

அஃது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 மார்ச்சுத் திங்களில் இரங்கூன் நகரம் சப்பானியர் வசமாகவே, பருமாவிலிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மிதினாப்பூர்ப் பகுதியைப் பெரும்புயல் தாக்கியது. நெற்பயிரை நோயும் பற்றியது. பகைவர் கைக்கு எட்டலாகாது எனக் கருதி, கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றவல்ல படகுகளை அரசு பறித்தது. நீரையே வழியாகக் கொண்ட அந்நாட்டில், படகு போனதும் மீனவர் தொழில் போயிற்று; நெல் செல்லும் வழியும் போயிற்று. போர்ச்செலவிற்காக அச்சிட்ட பணம் பெருகவே, விலைவாசி ஏறியது. கல்கத்தா நகரத்துப் போர்த்தொழிலாளர்க்கும் அலுவலர்க்கும் அரிசி தட்டின்றிக் கிடைக்க ஏற்பாடு செய்தனர். சிற்றூர்க் கூலியாளரைக் கருதுவார் இலர். விலை மேலும் ஏறும் என்பதறிந்த வணிகரும், கையில் நெல்லுடைய பெருநிலக்கிழாரும் களஞ்சியத்தைப் பூட்டினர்.

விளைவு யாது? 1942 டிசம்பரில் ஒரு மணங்கு, அஃதாவது ஏறத்தாழ 37 கிலோ அரிசி, 13 அல்லது 14 ரூபாய்க்கு விற்றது. 1943 மார்ச்சில் அது 21 ரூபாய். மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் 37 ரூபாய். கூலியோ அவ்வளவிற்கு ஏறவில்லை. எட்டுத் திங்கட்கு முன் ஒரு ரூபாய் வாங்கிய அரிசியில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மிகுதியே இப்போது அதே ரூபாய்க்குக் கிடைத்தது. கூலியாளன் கையிலிருந்த காசுக்கு மூன்றில் இரண்டு பங்களவு வாசி பிடித்தது அங்காடி. நிலமில்லாத உழவுத் தொழிலாளர், மீனவர், படகோட்டிகள், நெல் குற்றி வாழ்ந்த மகளிர், சிற்றூர்க் கைவினைஞர் ஆகியோரே பெரும்பாலும் மாண்டனர். நெல் விளைத்த கைகளே நெல்லின்றித் துவண்டன. இதனை விசாரித்த அரசினர் குழு மாண்டவர் 15 இலட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளருட் பலர் ஏறத்தாழ 30 இலட்சம் என்பர்.

சிற்றூர்களினின்று கூட்டங்கூட்டமாகக் கல்கத்தா நகர்க்கு வந்தவர்கள், வீட்டு வாயில்களில் நின்று சோறு வேண்டும் என்று கேட்டிலர். சோறு கேட்டால் எவரும் தாரார் என்று அறிந்து, வடித்த கஞ்சிநீரையேனும் தருக என்று கேட்டனர். அரிசி அடுக்கிய கடைகளின் வாயிலிலே வீழ்ந்து மாண்டனர். 1943 ஆகஸ்டில் ஸ்டேட்ஸ்மன் என்னும் நாளிதழ் அக்காட்சிகளைப் படமாக வெளியிட்ட பின்னரே வெளியுலகம் கண்விழித்தது. பஞ்சம் எனும் சொல்லைச் சட்டப்படி அறிவிக்கவும் அரசு முன்வரவில்லை; அறிவித்தால் உண்பிக்கும் கடமை வந்துசேரும் அன்றோ?

அந்நாளில் வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் பத்து அகவை நிரம்பாத சிறுவர் ஒருவர் இருந்தார். இரந்து வந்தவர்க்கு ஒரு சிறு தகரக் குவளை அளவு அரிசி கொடுக்க அவர்க்கு வீட்டார் இசைவு தந்திருந்தனர். குவளை சிறிது, வந்தவரோ எண்ணிலர். அவரே பின்னாளில் பொருளியல் அறிஞராய் 1998-இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்திய சென். 1981-இல் அவர் வெளியிட்ட நூலில், 1943-இல் வங்காளத்தில் இருந்த உணவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சம் நிகழாத 1941-ஆம் ஆண்டைவிட 13 விழுக்காடு மிகுதி என்றும் கணக்கிட்டுக் காட்டினார். விளைவுக் குறைவின் அளவுபற்றி அவரோடு மாறுபடும் அறிஞரும் உளர். எனினும் பஞ்சம் ஏழையையே தேர்ந்தெடுத்து உண்டது என்பதில் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. 1945-இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும், சிலர் பெற்ற ஆதாயம் பலர்க்குச் சாவாய் முடிந்தது என்னும் கருத்தினை மறைக்காது கூறிற்று. நூற்றாண்டுகட்கு முன் வீழிமிழலைப் படிக்காசு உணர்த்திய உண்மையும் இதுவே.

ஈண்டு ஓர் ஐயம் எழும். 30 இலட்சம் உயிர்களைக் கொல்லுதல் வேண்டும் என்று அந்நாளில் எவரேனும் எண்ணினரோ? எண்ணியவர் ஒருவரும் இலர். வணிகன், "விலை ஏறுகின்றது, விற்கப் பொறுத்தல் தொழில்" என்றான். அலுவலன், "இது போர்க்காலம், மேலிடத்து ஆணை" என்றான். இல்லறத்தான், "என் மக்கட்கு நாளைக்கு வேண்டுமே" என ஒரு மூட்டைக்கு இரண்டு மூட்டை வாங்கி வைத்தான். ஒவ்வொருவர் செயலும் தனித்து நோக்கின் சிறியது, இயல்பானது, குற்றமற்றது போலத் தோன்றுவது. எல்லாம் சேர்ந்தபோதோ அது கூற்றுவனுக்கு ஏவலாயிற்று.

இதனைச் சைவ சித்தாந்தம் போல் விளக்கவல்ல நூல் பிறிதில்லை. தன்னலம் எனப்படுவது ஆணவ மலத்தின் செயல். உயிரை யான் எனது என்னும் சிறு வட்டத்துள் அடக்குவது அம்மலம். அதற்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமையை உமாபதிசிவனார் திருவருட்பயனில் உணர்த்தியுள்ளார். இருள் பிற பொருள்களை மறைப்பினும், இருள் உள்ளது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். தன்னலமுடையான் தன்னைத் தன்னலமுடையான் என்று அறியான். முன்னறிவுடையான், குடும்பம் பேணுவான், தொழில் வல்லான் என்றே கருதுவான். உலகைப் பசியில் ஆழ்த்தும் தன்னலம் கொடியவர் நெஞ்சில் மட்டும் குடியிருப்பின் அதனை அடக்குதல் எளிது. நல்லோர் நெஞ்சிலும் அது நல்வேடம் பூண்டு உறைதலின்றோ அடக்குதல் அரிதாகின்றது?

இஃது ஒரு காலத்திற்கோ ஒரு நாட்டிற்கோ உரியதன்று. 2008-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று காண்க. அந்நாளில் உலகில் நெல் விளைவு குன்றவில்லை. முன்னிலும் மிக்கே இருந்தது. ஆயினும் கோதுமை முதலியவற்றின் விலை ஏறுதல் கண்டு, இந்தியாவும் வியத்நாமும் தத்தம் மக்கட்கு அரிசி வேண்டும் எனக் கருதி ஏற்றுமதியைத் தடுத்தன. அது கண்டு அஞ்சிய பிலிப்பைன்சு நாடு என்ன விலையாயினும் ஆகுக என வாங்கத் தலைப்பட்டது. பல நாடுகளில் வீட்டாரும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினர். சில திங்களில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறத்தாழ மூன்று மடங்காகி, டன் ஒன்று 1,000 டாலரைக் கடந்தது. ஏழை நாடுகளில் உணவுக் கலகங்கள் மூண்டன. அப்போது சப்பான் நாட்டுக் களஞ்சியங்களில், வாணிக உடன்பாட்டின்படி பிற நாடுகளிலிருந்து வாங்கிய அரிசி பல இலட்சம் டன் தேங்கிக் கிடந்தது. அதனை வெளியே விடுவதாக அறிவிப்பு வெளிவந்த அளவிலேயே, அரிசி கப்பலேறு முன்னரே, விலை இறங்கத் தொடங்கிற்று. பூட்டினைத் திறக்கப்போவதாகச் சொன்ன சொல்லே அச்சத்தைத் தணித்தது. அச்சமும் ஆணவத்தின் பிள்ளையே. தனக்கு இல்லாது போகுமே என்று அஞ்சுபவன், பிறர்க்கு இல்லாது செய்கின்றான்.

போரால் விளையும் பசியும் இவ்வினத்ததே. சூடான் நாட்டில் 2023 ஏப்பிரலில் ஆட்சி வேட்கையால் இரு படைத்தலைவரிடையே போர் மூண்டது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு ஏதிலியர் முகாம் ஒன்றில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. ஆங்கு உணவு செல்லும் வழியை அடைத்தது வானமன்று, வாளே. வாளுக்குப் பின் நின்றது யான் என்னும் செருக்கே.

இவ்வாறு கூறுதலால், பொருளைச் சேமித்தலே குற்றம் என்று கொள்ளற்க. எறும்பும் சேமிக்கின்றது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. ஆயிரக்கணக்கான கலம் நெல் கொள்ளத்தக்க பேரமைப்பு அது. முன்னோர் சேமித்தனர், ஆயின் வற்கடத்திற்குத் திறப்பதற்கென்றே சேமித்தனர். பதுக்குவோனும் சேமிக்கின்றான், அவன் வற்கடத்திற்குப் பூட்டுவதற்கென்று சேமிக்கின்றான். களஞ்சியம் ஒன்றே, நெல் ஒன்றே. திறவுகோல் எப்போது திரும்புகின்றது, யார்பொருட்டுத் திரும்புகின்றது என்பதிலேதான் அறமும் மறமும் பிரிகின்றன.

இனிச் சமயநூல் வல்லார் சிலர் மற்றொரு தடை எழுப்புவர். "பசித்தோர் தத்தம் முன்வினையை நுகர்கின்றனர், அவ்வினையை மாற்ற யாவரால் இயலும்?" என்பது அவர் கூற்று. இது சித்தாந்தம் போலத் தோன்றும் பிழை. நல்வேடம் பூண்ட ஆணவத்தின் மற்றொரு குரல். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. அவ்வுரிமை எவ்வுயிர்க்கும் வழங்கப்பெறவில்லை. பிறன் பசி அவன் முன்வினை எனினும், அப்பசிக்கு வாயிலாய் நின்று பூட்டியவன் தனக்குப் புதுவினையை ஈட்டிக்கொள்கின்றான். சூலைநோய் கொண்டு வந்த மருள்நீக்கியாரை நோக்கி, "சமயம் மாறிய உன் வினை, நீயே நுகர்க" என்று திலகவதியார் கூறினாரல்லர். திருநீறு அளித்து உடனழைத்துச் சென்றார். அவ்வருளால் உய்ந்த அரசரே பின்னாளில் வீழிமிழலையில் பசித்தோர்க்கு வினைநூல் விரித்துரைத்தாரல்லர், சோறளித்தார். நாயன்மார் செய்ததே சித்தாந்தத்திற்கு உரை.

அன்பர்காள்! வீழிமிழலைப் பெருமான் பிள்ளையார் காசின் வாசியைத் தீர்த்தான். இந்நாளில் ஏழை காசின் வாசியைத் தீர்க்க வேண்டுவோர் யாவர்? பொருளுடைய அடியார்களே. அதற்குச் செய்யத்தக்கன சில உள.

முதலாவது, உழைத்தவன் கூலியைக் குறையாது, காலந்தாழ்த்தாது அளித்தல். ஒருவன் கூலியிற் பத்து ரூபாய் குறைத்து, அப்பத்து ரூபாயைத் திருப்பணி உண்டியலில் இடுவானாயின், அது வாசியுடைய காசு. அதனை அங்காடி ஏற்கலாம், வீழிமிழலையான் ஏற்பனோ?

இரண்டாவது, வணிகம் செய்யும் அன்பர்கள் உணவுப் பொருளை மற்றைப் பொருள்போற் கருதாமை. துணியும் பொன்னும் விலையேறுங்காறும் காத்திருக்கலாம், வயிறு காத்திராது. தட்டுப்பாட்டுக் காலத்து ஒரு வணிகன் தன் சரக்கினை முறையான விலைக்கு முன்வந்து விற்பானாயின், அச்செய்தி ஊரார் அச்சத்தைத் தணிக்கும். மற்றைப் பூட்டுகளையும் திறப்பிக்கும். அதுவும் அன்னதானமே. அவன் ஒரு பிடி சோறும் தன் கையாற் பரிமாறாதவன் ஆயினும், அன்னதானம் செய்தவனே ஆவான்.

மூன்றாவது, இல்லத்திலும் விழாப் பந்தியிலும் உணவை வீணாக்காமை. இலை நிறைய இட்டுப் பாதியை எறிதல் விருந்தோம்பல் ஆகாது. உண்ணுமுன் ஒரு கைப்பிடியளவேனும் பிறர்க்கு ஈதலைத் திருமூலர் யாவர்க்கும் எளிதாகிய அறங்களுள் ஒன்றாக வைத்தனர். எறிகின்ற கைக்கு அந்த ஒரு கைப்பிடி எத்துணையெளிது!

நான்காவது, உண்பித்தலை ஒருநாட் காட்சியாக்காது நாள்தோறும் நிகழும் கடனாக்குதல். படிக்காசு நாட்படியாகவே அளிக்கப்பட்டது என்பதனை மறத்தலாகாது. பசி நாள்தோறும் வருதலின் காசும் நாள்தோறும் வந்தது. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் அடுப்பு இன்றுகாறும் அவியாது எரிகின்றது. 2002 முதல் தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றில் நாள்தோறும் நண்பகல் உணவு அளிக்கப்பட்டு வருகின்றது. குடமுழுக்கு நாளில் ஆயிரவர் உண்பதும் நன்றே. ஆயின் மறுநாள் நண்பகலில் தனியே வரும் முதியவள் ஒருத்திக்கு இலை விரிக்கப்படுமாயின், அதுவே விழாவின் நிறைவு. நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு ஈந்தது, கோயிலிலுள்ள இறைவனுக்கும் சென்று சேரும் என்பது திருமூலர் கருத்து. திருப்பணிக்கு வாரி வழங்கிய கைகள் இதற்கும் சுருங்கா.

ஐந்தாவது, இவையனைத்தையும் யான் செய்தேன் என்னும் எண்ணமின்றிச் செய்தல். ஆணவம் ஈகையிலும் நுழையவல்லது. உண்பிக்கின்றோம் என்று செருக்குவோன் உண்பவனைத் தாழ்வாகக் கருதுகின்றான். பந்தியில் இருப்பவன் நெல் விளைத்த உழவனாயிருத்தல் கூடும். அங்ஙனமாயின் அவன் பெறுவது கொடையன்று, அவனுக்குரிய காசின் வாசி திரும்பியதே ஆகும். திருமடத்துப் பந்தியில் அடியார்களை வணங்கி உண்பித்த பெரியோர் வழக்கம் இதனைக் கருதியே போலும்.

67 கோடி மக்களின் பசியை ஓர் ஊரார் தீர்த்தல் இயலுமோ என மலைத்தல் வேண்டா. வீழிமிழலையிலும் நாடு முழுதும் பஞ்சமே. இருவர் கையிலோ நாளொன்றுக்கு இரண்டு காசே. அவ்விருவரும் நாட்டை நோக்கி மலைத்திலர். காசை நோக்கிச் சுருங்கிலர். பறையறைந்து, வருக என அழைத்து உண்பித்தனர். பின்பு மழை பெய்தது; நாடு செழித்தது. மழை பெய்வித்தல் இறைவன் கடன். அதுகாறும் அடுப்பு அவியாது காத்தல் அடியார் கடன்.

இத்திருக்கோயிலின் கலசத்துள் இடப்பெறும் தானியம் அடுத்த குடமுழுக்குக்காறும் உச்சியிலேயே இருக்கும். கீழேயுள்ள மடைப்பள்ளியில் தானியம் நாள்தோறும் வந்து நாள்தோறும் தீர்வதாகுக. ஊரில் ஒருவர் கையிலும் வாசியுடைய காசு இல்லாதொழிக. பசித்து வருவார் எவரும் பசித்தே மீளாதிருக்க, எல்லாம் வல்ல பெருமான் திருவருள் முன்னிற்பதாகுக.

திருச்சிற்றம்பலம்